மருந்தை நிறுத்தாதே, அம்மிணி

கொழிஞ்சாம்பாறை,
தை 5

அன்பு அம்மிணிக்கு அம்மா எழுதுவது.

"கண் உறுத்தல் போயிருச்சும்மா, கண் வறட்சிக்கு விட்ட சொட்டு மருந்தை நிறுத்திட்டேன்" என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் பேசினால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் மார்கழியில் நானும் இதையேதான் செய்தேன். கிழக்குக் காற்று பனையோலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த நாட்கள். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. கோயமுத்தூரில் டாக்டரம்மா சாயக் காகிதத்தை நனைத்து இமைக்குள் தொட்டார். நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திரையிலும் காட்டினார். கருவிழியின் கீழ்ப்பக்கம் ராகி சிந்தின மாதிரி பச்சைப் புள்ளிகள். மேல்தோல் சிதைந்த இடத்தில்தான் சாயம் பிடிக்குமாம். பத்து நாள் மருந்து விட்டேன், உறுத்தல் நின்றது, நிறுத்திவிட்டேன். மறுமாதம் போனால் புள்ளிகள் முன்னைவிட அதிகம். எனக்கோ துளி வலியில்லை! கண் காய்ந்தே கிடந்தால் கருவிழி நரம்பும் மரத்துப்போகும், புண் இருந்தாலும் தெரியாது என்றார் டாக்டரம்மா. அன்றைக்குப் பயந்தவள்தான்.

இன்னொன்று. கடையில் நானே வாங்கிய மருந்தில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு இருந்தது. ஒருநாளைக்கு ஆறேழு தடவை விட்டால் அதுவே கருவிழித் தோலை அரிக்குமாம். அது சேராத, ஒருநாளுக்கான சின்னக் குப்பிகளை எழுதிக்கொடுத்தார். உன் குப்பியையும் பார். உனக்கு எழுதியிருக்கும் சைக்ளோஸ்போரின், அதுதான் கண் அழற்சியைத் தணிக்கிற சொட்டு, முதலில் எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். எரிகிறதென்று தோழியின் ஸ்டீராய்டு சொட்டை மட்டும் வாங்கி விட்டுக்கொள்ளாதே. அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பெரியம்மாவுக்கு மூட்டுவாதத்தோடு வாயும் கண்ணும் வறண்டு, எந்த மருந்துக்கும் புண் ஆறவில்லை. அவர் ரத்தத்தையே எடுத்து, தெளிந்த மஞ்சள் நீரைப் பிரித்து, உப்புநீர் சேர்த்து 20 சதவீதமாக்கிச் சொட்டாகக் கொடுத்தார்கள். கண்ணீரில் இருக்கிற வைட்டமின் ஏ அதிலும் உண்டாம். ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தக் குப்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். உனக்கு அந்த நிலை வரக்கூடாது.

கம்ப்யூட்டரைப் பார்க்கையில் இமைப்பது பாதியாகக் குறையுமாம். ஏசி காற்று முகத்தில் படாத இடமாகக் கேட்டு உட்கார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் சாயம் போட்டுப் பார்க்கச் சொல். உறுத்துகிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. புள்ளி இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லு.

உன் அம்மா