முதல் இரவிலேயே நிறுத்தக்கூடிய சண்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் மோதல் பற்றிய செய்திகளில் "திடீரென ஏற்பட்ட கைகலப்பு" என்ற வரி அடிக்கடி வருகிறது. மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருக்கும் எங்களுக்கு அந்தத் "திடீர்" உறுத்துகிறது. பஸ் நிலையத்திலோ திருவிழா இரவிலோ கத்தி வெளியே வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்பே சண்டை தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் பெற்றோர் செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தொடக்கம் எப்போதும் அற்பமாகத்தான் இருக்கும்: டியூஷன் பஸ்ஸில் இடம், கிரிக்கெட்டில் ஒரு ரன் அவுட், ஒரு பிள்ளையின் படத்துக்குக் கீழே போட்ட கருத்து. பகலில் இரண்டு பேர் தள்ளிக்கொள்கிறார்கள். மாலையில் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. யாரோ குரல் பதிவில் தாயை இழுத்துப் பேசுகிறான், அதை இன்னொருவன் பத்துப் பேருக்கு அனுப்புகிறான். இரவு ஒன்பது மணிக்குள் அது தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் இடையிலான மானப் பிரச்சினையாகிவிடுகிறது. மறுநாள், பாடசாலையை விட்டு விலகிய அண்ணன்மார் நுழைகிறார்கள். பதினைந்து வயதுப் பையன்களின் சண்டைக்குள் இருபது வயதுக்காரன் ஒருவன் வந்துவிட்டால், அதன்பின் அதை ஆசிரியரால் நிறுத்த முடியாது. ஆகவே, தள்ளுமுள்ளு நடந்த அந்த முதல் இரவுதான் பெற்றோருக்குரிய நேரம்.

அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது அடையாளம் தெரியும். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும், விரல் முட்டி சிராய்த்திருக்கும். சாப்பாட்டைத் தள்ளிவைப்பான், போனைக் கையிலிருந்து இறக்கமாட்டான். நாளைக்கு வேறு வழியால் போகிறேன் என்பான், அல்லது சப்பாத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பான். புத்தகப் பையில் பெரிய கொக்கி வைத்த பெல்ட், சைக்கிள் சங்கிலி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஏதாவது இருந்தால், அவன் நாளைக்குப் பயந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆயுதம் எடுத்துப்போகும் பையன்களில் பலர் அடிக்கும் எண்ணத்தைவிட அடிவாங்கும் பயத்தினாலேயே எடுத்துப்போகிறார்கள். இது தெரியாத தகப்பன், பையில் கத்தியைக் கண்டதும் பெல்ட்டைக் கழற்றுகிறார். அன்றோடு பையன் வாயை மூடிக்கொள்கிறான், கத்தியை வெளியே வேறிடத்தில் ஒளித்துவைக்கிறான்.

"ஏன்டா அடிச்ச?" என்ற கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். அதற்குப் பதில் இந்த மூன்றைக் கேளுங்கள்: "யார் யார் கூட இருந்தாங்க? குரூப்புல என்ன போட்டிருக்காங்க? நாளைக்கு யாராவது வழியில நிப்பாங்களா?" மூன்றாவது கேள்விக்கு "ஆமா" என்றால் மறுநாள் அவனைத் தனியே அனுப்பக் கூடாது. குழுவில் வந்த பதிவுகளை அழிக்கவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு இது பொலிஸுக்கோ பாடசாலைக்கோ போனால், யார் தூண்டினார்கள் என்று காட்ட அது ஒன்றுதான் கையிலிருக்கும். கேட்கும்போது ஒருவர் மட்டும் கேட்க வேண்டும். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) நின்று கேட்டால் வரிசை வீடுகளான லயன் முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருப்பவர் எதிர்ப் பையனுக்கு மாமாவாகக்கூட இருப்பார்.

எல்லாவற்றையும்விட அதிகம் சேதம் செய்யும் வாசகம் ஒன்று உண்டு: "அடி வாங்கிட்டு வந்தியா? ரெண்டு குடுத்துட்டு வரத் தெரியாதா?" இதைக் கோபத்தில் சொன்ன தகப்பன் மறுநாள் காலை மறந்துவிடுவார். பிள்ளை மறப்பதில்லை, அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறான்.

அடுத்தது எதிர்ப்பக்கத்துப் பெற்றோருடன் பேசுவது. பெரும்பாலும் தவறு நடக்கும் இடமும் இதுதான். இரவிலேயே, சம்பள நாள் என்றால் குடித்த வாயுடன், நான்கைந்து சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போகிறோம். நியாயம் கேட்கப்போய், பெரியவர்களின் சண்டையையும் சேர்த்துக் கொண்டுவருகிறோம். இரவு போக வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். மறுநாள் வேலை முடிந்த பின், பக்கத்துக்கு இருவர் மட்டும், இரு தரப்பும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் உட்காருங்கள். அவர் தோட்டத் தலைவராக இருக்கலாம், கோவில் பெரியவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். முதலில் தாய்மார் இருவரும் பேசினால் பாதி இறங்கிவிடும் என்பது நாங்கள் கண்டது. பையன்களை முதல் பேச்சுக்குக் கூப்பிடாதீர்கள். கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்கவைத்தால் அந்த அவமானமே அடுத்த சண்டைக்கு வித்தாகும். இரு பக்கமும் குரல் பதிவுகளைக் குழுக்களிலிருந்து அழிப்பது, அண்ணன்மாரை விலக்கிவைப்பது, ஒரு வாரம் ஒரே பஸ்ஸில் பெரியவர் ஒருவர் கூடப் போவது ஆகிய மூன்றையும் முடிவு செய்துகொண்டு எழுந்தால் போதும்.

ஆனால் வெட்டுக்காயம், தலையில் அடி, பாலியல் தொல்லை இவற்றில் எதையும் தோட்டத்துக்குள் "சமாதானம்" பேசி முடிக்கக் கூடாது. தலையில் அடிபட்டவன் வாந்தியெடுத்தால், தூங்கி வழிந்தால், பேச்சுக் குழறினால் உடனே வைத்தியசாலை. பொலிஸ் அவசர இலக்கம் 119. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்ட எதையும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு இலவசமாக, தமிழிலேயே சொல்லலாம்.

இரண்டு மூன்று இரவு தூங்காமல், சாப்பிடாமல், மெலிந்து, எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டு திரியும் பிள்ளையிடம் மேலே சொன்ன பேச்சு எடுபடாது. ஐஸ் என்ற போதைப்பொருள் பாவனையாக இருக்கலாம். அப்படியானால் முதலில் வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. ஐஸ் விஷயத்தில் அடியும் பூட்டும் பயன்படுவதில்லை.

சட்டத்தையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்பு வயது 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. பதினைந்து வயதுப் பையன் கத்தியால் குத்தினால் "சின்னப் பிள்ளை" என்ற பேச்சு நீதிமன்றத்தில் அவனைத் தப்பவைக்காது. வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழும் பின்னால் சிக்கலாகும். கட்டாருக்கும் கொரியாவுக்கும் போகக் கனவு காணும் பையன்களிடம் இதைச் சொன்னால் காதுகொடுக்கிறார்கள்.

தாய் மத்திய கிழக்கிலும் தகப்பன் கொழும்பிலும் இருக்கும் வீடுகளில் பொறுப்பு பாட்டியுடையது. அவருக்கு அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் கொடுத்துவிடுகிறோம். பணத்தைப் பையன் பெயருக்கு அனுப்பாமல் பாட்டி கைக்கு அனுப்புங்கள். அவர் மறுத்த ஒன்றைப் போனில் நீங்கள் "சரி விடு, வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டால், அன்று மாலை முதல் அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஒரே நேரத்தில் அழையுங்கள். "சாப்பிட்டியா, மார்க்ஸ் எவ்வளவு" என்பதோடு நிறுத்தாமல், அவன் நண்பர்கள் நான்கு பேரின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பில் ஒரு பெயர் விடுபட்டால், ஏன் என்று கேளுங்கள்.

இவ்வளவையும் பெற்றோர் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமில்லை. பாடசாலை ஒன்றரை மணியளவில் விடுகிறது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் காம்பராவுக்கு வர ஐந்து மணியாகிவிடுகிறது. இடையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளைப் பார்க்கத் தோட்டத்தில் சிறுவர் நிலையம் இருக்கிறது, பதின்மூன்று வயதுக்காரனுக்கு ஒன்றுமில்லை. கோவில் மண்டபத்தை மூன்றிலிருந்து ஐந்து வரை திறந்துவைத்து, ஓய்வுபெற்ற தொழிலாளர் இருவர் முறைபோட்டு உட்கார்ந்தால் செலவே இல்லை. ஒரு கேரம் பலகையும் இரண்டு மேசைகளும் வேண்டும், அவ்வளவுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலான மாதங்கள் இன்னும் ஆபத்தானவை. பரீட்சைக்கு முன்பே ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, தொழில் பயிலுநர் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவிலோ விசாரித்துவைத்தால் அந்தக் காலம் வெறுமையாகப் போகாது.

கல்வி அதிகாரிகளிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். வருகிறவருக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), சில இடங்களில் அதுவும் இல்லை. அதனால் வரவேண்டிய தகப்பன்மார் வருவதில்லை, வரவில்லை என்று அவர்களையே குறைசொல்கிறோம். தவணைக்கு ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பாடசாலையில் அல்லாமல் தோட்டத்திலேயே நடத்துங்கள். அழைத்தால் நாங்கள் அங்கே வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பாடசாலை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.