சிவகாமியைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

சோழவந்தான் வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வெள்ளைக் குதிரை சிவகாமியை மாப்பிள்ளை ஊர்வலத்தில் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் குறைவு என்பதால், சென்ற மாதம் அவள் சாகக் கிடந்த செய்தியும் பலருக்கு எட்டியிருக்கும். எங்கள் சிப்பிப்பாறை நாயின் உண்ணிக்கென்று வாங்கிய அமிட்ராஸ் மருந்து பாதி மீந்திருந்தது. குதிரையின் பிடரியிலும் உண்ணி தென்படவே, அதையே தண்ணீரில் கலந்து அவள் மேல் தெளித்தேன். யாரும் சொல்லிச் செய்ததன்று; குற்றம் முழுக்க என்னுடையது.

மறுநாள் அவள் தீனியில் வாய் வைக்கவில்லை. அதற்கடுத்த நாள் இலத்தி போடுவது நின்றது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் முன்னங்காலால் தரையைப் பறிப்பதுமாக நின்றவள், இரவு ஒன்பது மணிக்குப் படுத்துப் புரளத் தொடங்கினாள். இஞ்சிக் கஷாயத்தை மூங்கில் குழாயில் புகட்ட நாங்கள் ஆயத்தமானபோது, தொலைபேசியில் கிடைத்த கால்நடை மருத்துவர் அம்மா முதலில் அதைத்தான் தடுத்தார்: கஷாயம் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும் என்றார்.

வந்ததும் இதயத் துடிப்பை எண்ணினார்: நிமிடத்துக்கு 64. சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இருந்தால் போதுமாம். விலாவில் குடலின் இரைச்சல் கேட்கவே இல்லை. "மேலே எதையாவது தெளித்தீர்களா?" என்று அவர் கேட்ட பிறகே காரணம் வெளிப்பட்டது. நாய்க்கு உதவும் அமிட்ராஸ், குதிரையின் குடல் அசைவை முடக்கிப் பெருங்குடலில் தீனியை அடைத்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாகையால், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் செலுத்தித் தேக்கம் உண்டா என்று பார்த்து, பிறகு பாரபின் எண்ணெயை அதன் வழியே இறக்கினார். இரத்தக் குழாயில் சலைன் ஏற்றினார். உடம்பை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அம்மாவுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அந்த நள்ளிரவில் சலைன் பாட்டில்களுக்காக மதுரைக்கு வண்டியை விரட்டிய தம்பிகள் இருவருக்கும், கொடிக்கால் வேலை முடித்த அலுப்போடு முறை வைத்து அவளை நடத்திய அண்ணன்மார்களுக்கும், மூன்று தடவை தேநீர் போட்டுக் கொண்டுவந்த எதிர்வீட்டு மதினிக்கும் நன்றி. குதிரை இல்லாமலே ஊர்வலத்தை நடத்திக்கொண்டு, கொடுத்த முன்பணத்தையும் திருப்பி வாங்க மறுத்த திருமண வீட்டாரை என்னவென்று சொல்வது!

மூன்றாம் நாள் விடியலில் இலத்தி விழுந்தது. அதைக் கண்டு கைதட்டிய கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்றே அம்மா கொட்டகை மாடத்தில் இருந்த, குதிரைக்கான ஐவர்மெக்டின் புழு மருந்துப் பசையை எடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னார். குதிரையின் எடைக்கு அளந்த அந்தப் பசையை நாய் நக்கினால் தள்ளாடும், பார்வை மங்கும், உயிரே போகலாம் என்றார். நாய் மருந்தும் குதிரை மருந்தும் இப்போது வெவ்வேறு பெட்டிகளில் உள்ளன.

சிவகாமியைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். அம்மா பத்தியம் வைத்திருப்பதால், வெல்லமும் ஊறவைத்த கொள்ளும் மட்டும் இம்மாதம் முழுவதும் கொண்டுவர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.