கொம்பு பின்னாடி நிக்குது என்று சொன்ன அண்ணனுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மாநாட்டுக்கான எங்கள் ஆய்வுக் கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. கெடு உலகின் கடைசி நேர மண்டலத்தில் இரவு 11:59, அதாவது நமக்கு மறுநாள் மாலை 5:29. அதற்குச் சற்று முன்பே, கட்டுரைகளைப் பெறும் ஓப்பன்ரிவ்யூ தளத்தில் ஏற்றி, உறுதி மின்னஞ்சலும் வந்துவிட்டது. இந்தப் பத்து நாள் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அவரிடம் கேட்டது பிழை பார்க்க ஒரே ஒரு பிரிண்ட் அவுட். அவர் நீட்டிய தாளில் மூன்றாம் படத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது. “தம்பி, கொம்பு பின்னாடி நிக்குது பாருங்க. டு-வும் ஒட்டலை.”

அந்தப் படம் ஒரு பட்டை வரைபடம். இடப்பக்க அச்சில் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள்: கொடுத்தான், போனார்கள், கெட்டது என்று வரிசையாக. கட்டுரையின் பொருளே தமிழ்ச் சொற்களை மொழி மாதிரிகள் (மொழியைக் கையாளும் கணினி நிரல்கள்) எப்படித் துண்டாக்குகின்றன என்பதுதான். உயிர்மெய்யின் நடுவில் வெட்டு விழக்கூடாது என்று ஆறாம் பக்கத்தில் வாதாடுகிற கட்டுரை அது. அதன் மூன்றாம் பக்கத்தில் ‘கெட்டது’ என்ற சொல்லில் க முதலில் நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நின்றது. ‘கொடுத்தான்’ இன்னும் மோசம். கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போயிருந்தன, ட-வின் உகரச் சுழி ஒட்டாமல் விலகி நின்றது. தமிழ் தெரியாத மதிப்பாய்வாளர் இதைத் தாண்டிப் போயிருப்பார். தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால், அதற்கப்புறம் எங்கள் எண்களை எந்த நம்பிக்கையில் படிப்பார்?

எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், அடுத்து தமிழ் எடுத்துக்காட்டுகளோடு கட்டுரை அனுப்பப்போகிறவர்களுக்கு உதவும். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து எகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது ஹார்ஃப்பஸ் மாதிரியான வடிவமைப்பு மென்பொருளின் வேலை. கட்டுரையின் உடல் பகுதியை ஸீலேடெக் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருளில் ஓட்டினோம். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், கூடவே ‘ஸ்கிரிப்ட்’ என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று கொடுத்திருந்ததால் அங்கே எல்லாம் சரியாகவே வந்தது. படங்களையும் முதலில் ஸீலேடெக் வழியாகத்தான் எழுத்துக் கோத்திருந்தோம். கடைசி நேரத்தில் எண்கள் மாற, மூன்றாம் படம் மட்டும் வேறொரு கணினியில், வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் மென்பொருளின் வழக்கமான அமைப்பிலேயே மறுபடி வரையப்பட்டது. அந்தக் கணினியில் இருந்த பதிப்புக்கு எழுத்தை வடிவமைக்கத் தெரியாது. சேமித்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போய்விடும்.

சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறியிருந்தது என்பதுதான் இப்போது நினைத்தாலும் திகிலாக இருக்கிறது. மேட்பிளாட்லிப் இயல்பாக டைப் 3 என்ற வகை எழுத்துருக்களைப் பிடிஎஃப் கோப்பில் பதிக்கும், பல மாநாடுகள் அதை ஏற்பதில்லை என்பதால் ‘பிடிஎஃப்.ஃபாண்ட்டைப்’ மதிப்பை 42 என்று மாற்றி ட்ரூடைப் வகையாக்கி வைத்திருந்தோம். எழுத்துருக்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்’ கட்டளையை ஓட்டினால் எல்லா வரியிலும் ‘பதிந்துள்ளது’ என்றே பதில். ஏசிஎல் (கணினி மொழியியல் சங்கம்) தரும் வடிவச் சோதனைக் கருவியும் அந்தப் படத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. எழுத்துரு கோப்புக்குள் இருக்கிறதா, ஓரத்தைத் தாண்டி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். கொம்பு எந்தப் பக்கம் என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

நம் கண்ணுக்கும் தப்பியதற்குக் காரணம் எழுத்தின் அளவு. மேட்பிளாட்லிப் படத்தின் இயல்பான அகலம் 6.4 அங்குலம். ஏசிஎல் வடிவத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்த ஒரு பத்தியின் அகலம் 7.7 செ.மீ., அதாவது 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பெரிதாக வரைந்த படத்தைப் பத்திக்குள் சுருக்கியபோது 10 புள்ளி எழுத்து 4.7 புள்ளி ஆகிவிட்டது. அந்த அளவில் ஆங்கில எழுத்தையாவது ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளியும் சுழியும் அப்பிக்கொள்ளும், எழுதியவர் கண் அங்கே இருக்க வேண்டிய சொல்லையே படித்துவிட்டுப் போகும்.

அண்ணன் அப்படிப் படிக்கவில்லை. ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல் நூறு சதவீத அளவில் ஏ4 தாளில் எடுத்தார், அந்தப் படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து டிடிபி பார்த்தவர். அந்தக் காலத்து எழுத்துருக்களில் தட்டச்சுப் பொறியைப் போலவே கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், வார்டு தேர்தல் துண்டறிக்கை என்று வருடக்கணக்கில் கொம்பை முன்னால் வைத்துப் பழகிய கை. அது பின்னால் நின்றால் அந்தக் கண் தாண்டிப் போகாது.

அண்ணே, நீங்கள் அதோடும் விடவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இரண்டாம் அட்டவணையின் ஓரத்தில் வைத்து, “இது மூணு மில்லி வெளிய போகுதே, இப்படித்தானா?” என்று கேட்டீர்கள். நாலு பக்கமும் 2.5 செ.மீ. விட வேண்டும் என்பது விதி. ஓரத்தைக் குறைத்து இடம் பிடித்த கட்டுரையைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் கருவியை ஓட்டியபோது சரியாக இருந்த அட்டவணை, அதற்குப் பிறகு ஒரு தலைப்பை நீளமாக மாற்றியதில் வெளியே போயிருந்தது. நெடுவரிசைகளின் இரு பக்கமும் விடும் இடைவெளியை 6 புள்ளியிலிருந்து 4 ஆக்கியதும் சரியானது. ஐந்து நெடுவரிசைக்கு அது 20 புள்ளி, ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். எழுத்தைச் சுருக்கத் தேவைப்படவில்லை.

படத்தைத் திருத்த முக்கால் மணி நேரம் பிடித்தது. அகலத்தை முதலிலேயே 7.7 செ.மீ. என்று வைத்து, எழுத்தை 8 புள்ளியாக்கி, எஸ்விஜி என்ற வகைப் படக் கோப்பாகச் சேமித்தோம். சேமிக்கும் முன் ‘எஸ்விஜி.ஃபாண்ட்டைப்’ என்பதை ‘நன்’ ஆக்கிவிட வேண்டும். அப்போதுதான் எழுத்து கோடுகளாக மாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். அதை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து பிடிஎஃப் எடுத்து வைத்தோம். மறுபடி பிரிண்ட் எடுக்க ஓடி வந்தபோது பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தூக்கிவிட்டீர்கள். பன்னிரண்டு சொல்லையும் விரல் வைத்துப் படித்து, கடைசியில் “ம், இப்ப தமிழ்” என்றீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு கும்பிடு. மேற்கோள் பட்டியலை வரிவரியாகப் பார்த்த நூலகத்து அக்காவுக்கு: தலைப்புகளில் ‘தமிழ்’ என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்து சிறிய எழுத்தாகிவிடாமல் அடைப்புக்குறி போட்டதும், ஆர்க்கைவ் என்ற தளத்திலுள்ள முன்வரைவுகள் பின்னால் மாநாட்டில் வெளியாகியிருந்தால் அந்தப் பதிப்பையே காட்டச் சொன்னதும் அவர்தான். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாதபடி பெயர் மறைந்திருக்கிறதா என்று சோதித்த சீனியருக்கு: “எங்கள் முந்தைய ஆய்வில்” என்ற ஒரு சொற்றொடர் போதும் யார் எழுதியது என்று காட்டிக்கொடுக்க. அதைப் படர்க்கைக்கு மாற்றி, நிரல் இணைப்பிலிருந்த கணக்குப் பெயரையும் அவர் பிடித்தார். குறைபாடுகள் பகுதி எட்டுப் பக்கக் கணக்கில் சேராது, ஆனால் அது இல்லாவிட்டால் கட்டுரையே திரும்பிவிடும் என்று நள்ளிரவில் நினைவூட்டிய தங்கைக்கும், பிடிஎஃப்பிலிருந்து தமிழ்ச் சொல்லை நகலெடுத்தால் எழுத்து கலைகிறது என்று கண்டு ஸீலேடெக்குக்கு அடியில் ஓடும் ஸீடெக்கின் ‘ஆக்சுவல் டெக்ஸ்ட்’ அமைப்பை 1 ஆக்கச் சொன்ன நண்பருக்கும், சோறு கட்டிக் கொடுத்துவிட்ட வீடுகளுக்கும் நன்றி.

இனி எங்கள் குழுவிலிருந்து எந்தக் கட்டுரை போனாலும், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு நூறு சதவீத அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, அதை எழுதாத, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுப்போம். அதன் பிறகு படத்தில் ஒரு எண் மாறினாலும் அந்தப் பக்கத்தை மறுபடி எடுப்போம். இது துறையின் மாதிரிக் கோப்பில் முதல் வரியாகவே ஏறிவிட்டது. பென்சில் வட்டம் போட்ட அந்தத் தாளும் ஆய்வகத்துச் சுவரில் இருக்கிறது.

அண்ணே, கிளம்பும்போது “இதுல அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டீர்கள். நேரமில்லை என்று ஓடிவிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது என்றீர்களே, அப்போது வருகிறோம். மூன்றாம் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

அன்புடன்,
கட்டுரைக் குழுவினர்