மீட்டிங் முடிந்த பிறகு

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்த செய்தியும் உன் பதவி உயர்வுச் செய்தியும் ஒரே கடிதத்தில் வந்தது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இனி அடிக்கடி வேலையாக வெளியூர் போக வேண்டியிருக்கும் என்கிறாய். பகலெல்லாம் மீட்டிங், ராத்திரி ஹோட்டல் அறை என்றே திரும்பி வந்துவிடுவேனோ என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஆக வேண்டியதில்லை. வேலையாகப் போகிறவர்களுக்கு முழு ஊரும் கிடைக்காதுதான். இரண்டு மாலையும், கடைசி நாளில் ஒரு அரைப்பொழுதும் மிஞ்சினால் பெரிது. ஆனால் ஒரு மியூசியத்தை மனம் நிறையப் பார்க்கவும், ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடவும் அது தாராளமாகப் போதும். கிழமை தெரிந்து திட்டமிட வேண்டும், அவ்வளவே.

கிழமையைத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பயணங்கள் கெடுவது அங்கேதான். ஒவ்வொரு மியூசியத்துக்கும் வார விடுமுறை வேறு. பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை திறக்காது. ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓர்சே திங்கள்கிழமை திறக்காது. நியூயார்க் மெட்ரோபாலிட்டனுக்குப் புதன் விடுமுறை, நம் எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. இதைவிட முக்கியம், எந்த நாளில் இரவுவரை திறந்திருக்கிறது என்பது. பெரிய மியூசியங்கள் பல வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நேரத்தை நீட்டிக்கும். லூவ்ருக்குப் புதனும் வெள்ளியும், ஓர்சேவுக்கு வியாழன், மெட்ரோபாலிட்டனுக்கு வெள்ளியும் சனியும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மூன்றுக்குமே வெள்ளிதான். ஆறு மணிக்கு மீட்டிங் முடிகிறவர்களுக்கு இந்த ஒரு மாலைதான் வாசல். உன் பயணத் தேதி முடிவானதும் இந்த நாளைக் கண்டுபிடித்து, அன்று இரவு குழுவோடு விருந்து எதுவும் வராதபடி முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு. நேரத்தை மேப் ஆப்பில் பார்த்து நம்பாதே. மியூசியத்தின் சொந்தத் தளத்திலேயே பார். பண்டிகை நாள் மாற்றங்களும், இன்று எந்த அறைகள் மூடியிருக்கின்றன என்ற தகவலும் அங்கேதான் இருக்கும். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கவே போகிறாய் என்றால் இந்த இரண்டாவது தகவல் மிக முக்கியம். காவலுக்கு ஆள் பற்றாமல் சில அறைகளை முறைவைத்து மூடுவது பெரிய இடங்களிலும் நடக்கிறது.

ஒன்பது மணிவரை என்று போட்டிருந்தால் ஒன்பதுவரை பார்க்கலாம் என்று கணக்குப் போடாதே. உள்ளே விடுவது பெரும்பாலும் மூடுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களையும் கால்மணி, சில இடங்களில் அரைமணி முன்பிருந்தே அறை அறையாக வெளியேற்றத் தொடங்குவார்கள். தொலைவில் இருக்கும் அறைகள்தான் பெரும்பாலும் முதலில் காலியாகும். ஆகவே நுழைந்ததும் தூரத்தில் இருப்பதற்குப் போய்விட்டு, வாசலை நோக்கிப் பார்த்துக்கொண்டே வா. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆர்தர் மெல்ட்டன் என்ற உளவியலாளர் 1930களில் அமெரிக்க மியூசியங்களில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதியிருக்கிறார்: உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள். அப்படி வலப்பக்கத்து முன் அறைகளில் கூட்டம் தேங்கி நிற்கும்போது நீ கடைசி அறையில் தனியாக நிற்கலாம்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. மீட்டிங்கிலிருந்து நேராக லேப்டாப் பையோடு போனால் பாதுகாப்புச் சோதனையில் தாமதமாகும். பொருள் வைக்கும் இடத்தில் லேப்டாப்பை வாங்க மறுப்பதும் உண்டு. அதைச் சுமந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றால் தோள்வலிதான் நினைவில் நிற்கும். கடைசி நாள் என்றால் சக்கரப் பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போ. பிரிட்டிஷ் மியூசியத்தில் சக்கரப் பெட்டியோடு வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். லூவ்ரில் 55×35×20 சென்டிமீட்டருக்குப் பெரிதானது எதுவும் உள்ளே போகாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன், உள்ளே எப்படிப் பார்ப்பது என்பது. மியூசியக் களைப்பு என்பது கற்பனை இல்லை. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இலேயே இதற்கென்று ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளில் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே காட்டினார். நடப்பதைவிட, நின்று நின்று மெல்ல நகர்வது காலுக்குக் கடினம். கெண்டைத்தசை அசைந்து உழைத்தால் ரத்தம் மேலே ஏறும், சும்மா நின்றால் காலிலேயே தேங்கும். அதோடு ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நிற்பதா நகர்வதா என்று மனம் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. நாளெல்லாம் மீட்டிங்கில் முடிவெடுத்த மூளைக்கு இது கூடுதல் பாரம். ஆகவே முடிவுகளை முன்பே எடுத்துவிடு. முந்தின நாள் இரவு தளத்தில் பார்த்து ஐந்தே பொருள்களைத் தேர்ந்தெடு. அறை எண்ணோடு குறித்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். இடையில் நடை, உட்காருதல் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகும். இருக்கை கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடு, வலி வரும்வரை காத்திருக்காதே. போகிற வழியில் வேறு ஏதாவது உன்னை இழுத்தால் நில், ஆனால் பட்டியலில் ஒன்றை அடித்துவிட்டு நில்.

பத்து நிமிடம் ஒரே பொருளில் என்ன பார்ப்பது என்று கேட்பாய். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் சோழர் காலத்து நடராஜர் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய ஆளுயரம். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியே பார்த்துப் பழகிய கண்களுக்கு, அங்கேதான் உடல் முழுதும் தெரிகிறது. முதல் இரண்டு நிமிடம் விளக்க அட்டையைப் படிக்காதே. பாதத்திலிருந்து தொடங்கு: காலடியில் கிடக்கும் குள்ளனான முயலகன்மேல் ஊன்றிய வலக்கால் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, எடை முழுதும் எங்கே இறங்குகிறது என்று பார். பிறகு பக்கவாட்டில் போ. முன்னிருந்து பார்க்கையில் தட்டையாகத் தெரிந்த தூக்கிய கால், அங்கிருந்து பார்த்தால் உடலுக்கு முன்னால் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று புரியும். பின்னால் போய் முதுகைப் பார். முதுகெலும்பின் வளைவு நடனத்தை முகத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ தெரியும், புறப்பாட்டுக்குக் கழி கோக்க. அபிஷேகம் செய்து துடைத்துத் துடைத்து முகத்தில் கோடுகள் மழுங்கியிருக்கிறதா என்றும் பார். இதெல்லாம் ஆன பிறகு அட்டையைப் படித்தால், அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நீ பார்த்ததோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஓவியத்துக்கும் இதே முறைதான்: முதலில் ஐந்தாறு அடி தள்ளி நின்று மொத்தமும், பிறகு பக்கத்தில் போய்ச் சாய்வாக நின்று வண்ணத்தின் தடிப்பும் விரிசலும். தாளில் வரைந்தவை இருக்கும் அறை இருட்டாக இருந்தால் குறைசொல்லாதே. ஒளி பட்டால் தாளும் சாயமும் வெளுக்கும் என்பதால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலாகத்தான் விளக்கு வைப்பார்கள். கண் பழகச் சில நிமிடம் கொடு.

நுழைவுக் கட்டணம் இல்லாத மியூசியம் என்றால் இத்தனை திட்டமும் வேண்டாம். ஒரே ஒரு பொருளுக்காக அரைமணி போய்விட்டு வா, மறுநாள் மறுபடி போ.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடு. மேற்கே பறந்தால் முதல் இரண்டு நாள் மாலை ஏழு மணிக்கே உனக்கு நள்ளிரவு, விடியுமுன் விழிப்பு. அந்த மாலைகளில் மியூசியம் வீண். மூன்றாம் நாளுக்குத் தள்ளு. கிழக்கே போனால் நேர்மாறு, முதல் மாலையே நன்றாக இருக்கும்.

சாப்பாட்டை மியூசியத்துக்குப் பிறகு வைத்துக்கொள். ஆனால் பசியோடு உள்ளே போகாதே, ஒரு பழமோ கொஞ்சம் பருப்போ போதும். உள்ளே இருக்கும் கஃபே பெரும்பாலும் காட்சி அறைகளுக்கு முன்பே மூடிவிடும், அதை நம்பாதே. மேஜை முன்பதிவை மியூசியம் மூடி முக்கால் மணி கழித்து வை. உணவகத்தில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை அல்ல, சமையலறை கடைசி ஆர்டரை எத்தனை மணிக்கு எடுக்கும் என்பதை. இரண்டுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இருக்கும். சில ஊர்களில் ஒன்பதுக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாட்ரிட்டில் ஒன்பதுக்குத்தான் சாப்பிடவே உட்காருவார்கள்.

தனியாகப் போகிறோமே என்ற தயக்கம் வேண்டாம், அது உனக்கு வசதி. ஆப்பில் ஒருவருக்கு இடம் இல்லை என்று காட்டினாலும், திறந்ததும் போன் பண்ணி "ஒரே ஆள், கவுண்டரில் உட்கார்ந்தாலும் சரி" என்று சொல்லிப் பார். இரண்டு பேர் மேஜையை ஒருவருக்குக் கொடுக்கத்தான் யோசிப்பார்கள், கவுண்டரில் ஒற்றை இருக்கை அடிக்கடி மிஞ்சும். அடுப்பைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தால் பொழுதும் போகும், எது புதிதாக வந்தது என்று சமையல்காரரையே கேட்கலாம். முன்பதிவுக்குக் கார்டு எண் வாங்கினால் ரத்து விதியைப் படி. மீட்டிங் நீண்டு நீ போகாவிட்டால் பணம் பிடிப்பார்கள், அந்தச் செலவை எந்த அலுவலகமும் ஏற்காது.

நீ சைவம் என்பதால் இதையும் சொல்கிறேன். "இது சைவமா" என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியும் இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் ஆமாம் என்பார்கள். சூப்பின் அடிச்சாறு எதில் காய்ச்சியது, சாஸில் மீன் சேர்கிறதா, பொரித்த எண்ணெய் தனியா, இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேள். முன்பதிவின்போதே எழுதிவிட்டால் சமையலறைக்கும் சுலபம், உனக்கும் வாங்கியதைத் தள்ளிவைக்க நேராது.

பெயர்பெற்ற உணவகம் ஒன்றில் ஆசை இருந்தால், கடைசி நாள் மதியத்துக்கு வைத்துக்கொள். அதே சமையல்காரர்கள், அதே அடுப்பு. ஆனால் மதிய செட் மெனு இரவைவிடப் பல இடங்களில் மிகவும் மலிவு, இடமும் சுலபமாகக் கிடைக்கும். பில்லை வாங்கும்போது என்னென்ன சாப்பிட்டாய் என்று பிரித்து எழுதிய பில்லாகக் கேட்டு வாங்கு. கார்டு ஸ்லிப்பை மட்டும் கொடுத்தால் கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்புவார்கள். வெப்பத்தாளில் அச்சடித்த பில் வெளுத்துப்போகும், அன்றிரவே படம் எடுத்து வை.

ஊர் இன்னும் முடிவாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். முடிவானதும் ஊரோடு கிழமைகளையும், எத்தனை மணிக்கு உன்னை விடுவார்கள் என்பதையும் எழுது. ஐந்து பொருள்களை நீ தேர்ந்தெடு, நானும் ஐந்து எழுதி அனுப்புகிறேன், ஒத்துப்போகிறதா பார்ப்போம். அப்பாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, என் வணக்கத்தையும் சொல்.

அன்புடன்,
வத்சலா