நவராத்திரிக்குள் வழியம்பலம் எழும்ப வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பழைய ராஜபாதையில், நம் ஊர் வளைவில் வழிப்போக்கர் இளைப்பாறும் கல்மண்டபமாக நிற்கும் வழியம்பலத்தைத் தெரியாதவர் இங்கே கிடையாது. மழைக்கு ஒதுங்கியதும், பங்குனி வெயிலில் சம்பாரம் (தாளித்த மோர்) குடித்ததும் அங்கேதான். போன ஆண்டு மழையில் அதன் மேற்கு உத்தரக்கல் வெடித்துவிட்டது. இரண்டு கல்லுக்கு நடுவே அரசவேர் மணிக்கட்டுத் தடிமனில் இறங்கியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சிமென்ட் பூசிய இடத்தில்தான் முதல் விரிசல் கண்டது. அந்த வேலையை முன்நின்று செய்ததும் நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறோம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறியதும் புறப்படும் நவராத்திரி எழுந்தருளல் குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் மறு இரவும் தங்கி அனந்தபுரி (திருவனந்தபுரம்) சேர்கிறது. தேவாரக்கெட்டு சரசுவதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் நம் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். சென்ற ஆண்டு மண்டபத்தைக் கயிறு கட்டி மறித்திருந்ததால், பழமும் பொரியும் வைத்த தட்டங்களை ரோட்டோரம் பிளாஸ்டிக் மேசையில் பரப்பினோம். பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த மண்ணில் நின்றுகொண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை நினைக்காமல் முடியாது. 1729-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு இருந்தது சின்ன வேணாடு. பகைவர்களுக்குத் தப்பி நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. அந்த அம்மச்சிப் பிலாவின் பட்ட மரம் இன்றும் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தார். காயங்குளம் நாடும் கைக்கு வந்தது. இவ்வளவும் சேர்த்தவர், 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 தை 5 அன்று, நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, உடைவாளை அந்தக் கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்து ‘பத்மநாபதாசன்’ ஆனார். அதுதான் திருப்படிதானம். பின்வந்த மன்னர்களும் அந்தப் பட்டத்தோடுதான் ஆண்டார்கள். இதில் பக்தி எவ்வளவு, ராஜதந்திரம் எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இருந்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மண்டபத்தருகே இந்த வரலாற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய கல்பலகை ஒன்று வைக்கிறோம். தன்னை எதிர்த்த நாயர் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை மன்னர் கருவறுத்ததை அதில் சொல்வதா என்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒரு வரியாவது வேண்டும் என்று முடிவாயிற்று. தமிழ் எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். குளச்சலில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்கு வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) ஆன டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையை உதயகிரிக் கோட்டையில் போய்ப் பார்க்கட்டும். லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது.

இந்தத் தடவை சிமென்ட் இல்லை. வேரை அறுத்தெடுத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்துதான். கல் ஆசாரி கூலி, புது உத்தரம், பலகை எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபாய் மதிப்பீடு, 1,40,000 சேர்ந்திருக்கிறது. பணமாகத் தர இயலாதவர்கள் கருப்பட்டியோ கடுக்காயோ தரலாம், வேலை நாட்களில் சாப்பாடு ஏற்றுக்கொள்ளலாம்.

ஆவணி பிறந்ததும் சாரம் கட்டுகிறோம். அதற்குள் உங்கள் பங்கைக் குழுவினரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தூணில் யார் பெயரும் வெட்டப்படாது. வரவு செலவுக் கணக்கு விஜயதசமி மாலை மண்டபத்திலேயே வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
வழியம்பலச் சீரமைப்புக் குழுவினர்