வாள்வீச்சை விடுங்கள், கூடாரத்துக்குள் நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய சீனத்துப் போர்க்கதைகளைத் தமிழில் காணொளியாகச் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கிறவன் நான். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் நாக்குக்குப் பழக்கி, வரைபடம் போட்டு, எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது வரைக்கும் சொல்கிறீர்கள். அந்த உழைப்புக்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஒரு போரை யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்று வரும்போது நீங்கள் ஒரு மாவீரனைக் காட்டுகிறீர்கள், இல்லாவிட்டால் ஒரு தந்திரத்தைக் காட்டுகிறீர்கள். ராஜா யார் பேச்சைக் கேட்டான், யாரை வாயை மூடச் சொன்னான் என்பது இரண்டு வரியில் ஓடிவிடுகிறது. அந்தக் காலத்துச் சீன வரலாற்றாசிரியர்கள் மெனக்கெட்டுப் பதிந்துவைத்ததே அதைத்தான்.

சியாங் யூவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த ஆள், சின் பேரரசு விழுந்தபின் சீனாவை ஆள்வது யார் என்று லியூ பாங்கோடு மோதிய தளபதி. கி.மு. 205இல் பெங்செங்கில் 30,000 பேரை வைத்துக்கொண்டு லியூ பாங்கின் 5,60,000 பேர் கொண்ட கூட்டுப்படையைச் சிதறடித்தான் என்று ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். எண்ணிக்கை கொஞ்சம் ஊதியிருந்தாலும் வெற்றி பெரிய வெற்றிதான். மூன்றே வருடத்தில் அதே சியாங் யூ ஆற்றங்கரையில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு செத்தான். சாகும் முன், வானம்தான் என்னை அழிக்கிறது, போரில் நான் செய்த பிழை ஏதுமில்லை என்றான். நீங்கள் அந்த இடத்தில் சோக இசை போடுகிறீர்கள். சிமா சியெனோ, அவன் அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று கண்டிக்கிறார்.

ஏனென்றால், அவனைத் தோற்கடித்தவர்களில் முக்கியமான இரண்டு பேர் முன்பு அவன் முகாமில் இருந்தவர்கள். ஹான் சின் அவனிடம் காவல் வீரனாக நின்று யோசனை மேல் யோசனை சொல்லிப் பார்த்து, ஒன்றும் எடுபடாமல் எதிர்ப்பக்கம் போனான். சென் பிங்கும் அப்படிப் போனவன்தான். மிச்சம் இருந்தவர் அவன் ஆலோசகர் ஃபான் செங், எழுபது வயது கடந்த கிழவர். சியாங் யூ அவரைத் தந்தைக்கு அடுத்தவர் என்று அழைத்து வந்தான். கி.மு. 206இல் ஹொங்மென் விருந்தில் லியூ பாங்கை இப்போதே முடித்துவிடு என்று இடுப்பில் இருந்த பச்சைக்கல் அணியை மூன்று முறை தூக்கிக் காட்டினார். அவன் பேசாமல் இருந்தான். லியூ பாங் ஒதுங்கப் போவதுபோல எழுந்து தப்பிவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து, லியூ பாங் இருந்த ஷிங்யாங் நகரைச் சியாங் யூ முற்றுகையிட்டபோது சென் பிங் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். சியாங் யூவின் தூதர் வந்ததும் பெரிய விருந்தைக் கொண்டுவந்து, அடடா ஃபான் செங்கின் ஆள் என்றல்லவா நினைத்தோம் என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டுபோய் மட்டமான சாப்பாட்டை வைத்தார்கள். இதை நீங்கள் சென் பிங்கின் மூளைக்குச் சான்றாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு தட்டுச் சோற்றை வைத்து ஒரு பெரியவரையும் அவர் அரசனையும் பிரிக்க முடிந்தது என்றால், அந்த அரசனுக்குள் சந்தேகம் ஏற்கெனவே ஊறிக் கிடந்திருக்கிறது. ஃபான் செங் கோபித்துக்கொண்டு கிளம்பினார், ஊர் போய்ச் சேரும் முன்னே முதுகில் கட்டி வந்து இறந்துபோனார்.

சரி, லியூ பாங் மட்டும் பணிவானவனா? இல்லவே இல்லை. படித்தவர்களின் தொப்பியைப் பிடுங்கி அதில் சிறுநீர் கழித்தவன் அவன். ஆனால் அழிந்துபோன ஆறு நாடுகளின் அரச வம்சங்களுக்கு முத்திரை கொடுத்துத் திரும்ப அரசர்களாக்கலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையை அவன் ஏற்றுக்கொண்டிருந்தபோது, அவன் ஆலோசகர் ஜாங் லியாங் உள்ளே வந்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சிகளையே எடுத்து, இது ஏன் ஆகாது என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். லியூ பாங் வாயில் இருந்த சோற்றைத் துப்பிவிட்டு, யோசனை சொன்னவரைத் திட்டி, முத்திரைகளை உடனே உருக்கச் சொன்னான். நாம் கேட்டுவிட்டோமே, இனி மாற்றினால் மரியாதை போகுமே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கி.மு. 200. லியூ பாங் பேரரசனாகிவிட்டான், வடக்கே சியோங்நு என்ற நாடோடி இனத்தாரின் படையைத் துரத்திக்கொண்டு போகிறான். ஒற்றர்கள் பத்துப் பேர் போய்ப் பார்த்துவிட்டு, கிழவர்களும் நோஞ்சான் மாடுகளும்தான் இருக்கிறார்கள், அடிக்கலாம் என்கிறார்கள். லோ ஜிங் என்பவர் மட்டும், சண்டைக்கு நிற்கிறவன் பலத்தைத்தான் காட்டுவான், பலவீனத்தைக் காட்டினால் எங்கோ ஆட்களை ஒளித்துவைத்திருக்கிறான் என்று அர்த்தம் என்றார். லியூ பாங் வாய்க்கு வந்தபடி ஏசி, அவருக்கு விலங்கு மாட்டிவிட்டுப் படையை நடத்தினான். பைதெங்கில் ஏழு நாள் முற்றுகை. கடும் குளிரில் வீரர்களின் விரல்கள் உதிர்ந்தன. எப்படியோ தப்பித் திரும்பியவன் நேரே லோ ஜிங்கிடம் வந்து, உன் பேச்சைக் கேட்காததால்தான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லி விடுவித்து, 2,000 குடும்பங்களின் வருவாயோடு பட்டமும் கொடுத்தான். அந்த ஒற்றர்களின் தலையை வெட்டினான் என்பதையும் மறைக்க வேண்டாம், அது கொடுமைதான்.

கி.பி. 200. ஹான் ஆட்சி ஆட்டம் கண்ட காலம்; வடக்கே பெரும் படைத்தலைவனான யுவான் ஷாவ் லட்சம் பேரோடு தன் போட்டியாளன் சாவ் சாவை நசுக்கக் கிளம்புகிறான். அவன் ஆலோசகர் தியன் ஃபெங், ஒரே போரில் எல்லாவற்றையும் பணயம் வைக்காதே, வலுவான இடத்தில் இருந்துகொண்டு சிறு படைகளை மாறி மாறி அனுப்பிக் களைக்கவை என்கிறார். படையின் மனத்தைக் கெடுக்கிறாய் என்று அவரைச் சிறையில் போடுகிறான். ஆலோசகர் சூ யோ சொன்னதும் எடுபடவில்லை. அவர் சாவ் சாவிடம் போய், தானியக் கிடங்கு ஊசாவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கிடங்கு எரிந்தது, குவாந்து என்ற இடத்தில் நடந்த அந்தப் போர் யுவான் ஷாவின் தோல்வியில் முடிந்தது. தோல்விச் செய்தி வந்ததும் சிறையில் தியன் ஃபெங்கிடம், இனி உங்களுக்கு மதிப்புதான் என்று ஒருவர் சொல்ல, அவன் ஜெயித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், தோற்றுவிட்டான், எனக்குச் சாவுதான் என்றாராம். அப்படியே நடந்தது. தியன் ஃபெங் கைதட்டிச் சிரிக்கிறார் என்று இன்னொரு ஆலோசகர் கோள்மூட்டினார், அது யுவான் ஷாவின் காதில் உடனே ஏறியது. பாருங்கள், அவனுக்கும் காது கேட்கத்தான் செய்தது, எந்தக் குரல் உள்ளே போக வேண்டும் என்பதைச் செருக்கு முடிவு செய்தது.

இடையில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள். இரண்டு பேரும் தவறினார்கள், இரண்டு பேரும் எச்சரித்தவரை அடைத்தார்கள். திரும்பி வந்து சிறைக் கதவு முன்னால் நின்ற அந்த நேரத்தில்தான் இருவரும் வேறு வேறு ஆள் ஆகிறார்கள்.

சாவ் சாவும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. 207இல் வடக்கே ஊஹுவான் என்ற இனத்தாரை ஜெயித்துத் திரும்பியபோது, போக வேண்டாம் என்று சொன்னவர்களுக்குப் பரிசு கொடுத்து, நான் ஜெயித்தது அதிர்ஷ்டம், இனியும் தயங்காமல் சொல்லுங்கள் என்றான். மறு வருடமே, அவசரப்படாதே என்று ஆலோசகர் ஜியா சூ சொன்னதைக் கேட்காமல் தெற்கே இறங்கிச் செம்பாறைப் போரில் தோற்றான்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். குவாந்துவைப் பற்றி அடுத்த காணொளி போடும்போது, கிடங்கு எரிவதில் தொடங்க வேண்டாம். தியன் ஃபெங் இருக்கும் சிறை அறையில் தொடங்குங்கள், கடைசிக் காட்சிக்கும் அங்கேயே திரும்பி வாருங்கள். நீளம் கூடினால் கூடட்டும், நாங்கள் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்