அன்றைய காற்றை ஒரே கோப்பில் கட்டி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டுமானத் தளங்களில் பாரந்தூக்கி வேலைகளை மேற்பார்வையிடுவது என் தொழில். வானிலை படித்தவன் அல்லன். ஆனால் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது வானத்தைத்தான்.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூரின் மேற்கில் ஒரு தளம். ஓவர்டைம் ஆட்கள் இன்னும் மேலே இருந்தார்கள். மாலை ஏழு மணி வாக்கில் முதலில் வந்தது மழையல்ல, குளிர். குளிரறைக் கதவைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடமே சிமெண்ட் மூட்டைகளின்மேல் கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்துக் கிழிந்தது. கிரேன் ஓட்டுநரை இறங்கச் சொல்லி வாக்கி டாக்கியில் கத்தினேன். கொக்கியைக் காலி செய்து, காற்று போகும் பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்துவிட்டு, அவர் ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எங்கள் தளத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீவில் 300க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன. காற்றின் வேகம் மணிக்கு 83.2 கிலோமீட்டரைத் தொட்டதாகப் பிறகு செய்தியில் படித்தேன்.

இதைத்தான் சுமத்ரா சூறைக்காற்று என்கிறோம். சுமத்ராவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இடிமேகங்கள் வரிசை கட்டி, கிழக்கு நோக்கி நகர்ந்து நம்மிடம் வருகின்றன. மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் பட்டு முன்னோக்கிப் பாய்கிறது. மழைக்கு முன்னால் என் முகத்தில் அடித்த குளிர் அதுதான். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து போகும் காற்று இது. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அந்த நாளை மாணவர்கள் பாடமாக எடுத்துப் படிக்கலாம்.

என் மகள் அப்படித்தான் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் குழுவின் திட்டப்பணிக்கு அந்த மாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மழை அளவு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைத்தது. காற்றின் அளவும் கிடைத்தது. இது நம் நாட்டுக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மரம் விழுந்த இடங்கள் நாளிதழ்களில், எச்சரிக்கை வந்த நேரம் யாரோ ஒருவருடைய கைப்பேசியில், பலூன் அளந்த மேல்வானத் தரவு இன்னோர் இடத்தில். ஒன்றின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடும், மற்றொன்று நம் நேரத்தில். வானத்தைப் படிக்க வேண்டிய வாரங்கள் தேடுவதிலேயே போயின. கடைசியில் ஒருநாள் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டாள்: “அப்பா, அன்னிக்கு ரேடார் படத்த ஃபோன்ல பிடிச்சு வச்சீங்களே, இன்னும் இருக்கா?”

இருந்தது. தளத்தில் வேலையை நிறுத்தியதற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்த படங்கள். வில்லாக வளைந்த சிவப்புக் கோடு நீரிணையைத் தாண்டி வருவது அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மேற்பார்வையாளரின் கைப்பேசியை நம்பியா வருங்கால வானிலையாளர்கள் படிக்க வேண்டும்?

அமெரிக்காவில் 1950 முதல் நிகழ்ந்த கடும் வானிலைச் சம்பவங்களின் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. 1990களிலிருந்து ரேடார் பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எங்கோ ஓக்லஹோமாவில் வீசிய காற்றை என் மகள் ஈசூன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். தன் தலைக்குமேல் போன காற்றுக்கு அப்பாவின் ஃபோனைத் தேடினாள்.

நான் கேட்பது புதிய கருவி அல்ல. ஒரு புயலுக்கு ஒரு கோப்பு. மழை, காற்று, ரேடார், செயற்கைக்கோள் படம், பலூன் தரவு, அன்று வெளியான முன்னுரைப்பு, எச்சரிக்கை விடுத்த நேரம், தரையில் நடந்த சேதம், எல்லாம் ஒரே கடிகாரத்தில். முன்னுரைப்பு தவறிய நாள்களின் கோப்புகளும் அதில் வேண்டும். அவைதான் முக்கியம் என்பேன். எங்கள் தொழிலில் ‘நூலிழையில் தப்பியது’ என்று ஒரு படிவம் உண்டு. யாரையும் குற்றம் சொல்லாமல் அதை எழுதி, மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவோம். வானிலைக்கும் அந்த மனம் வேண்டும்.

1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இங்கு பதிவானதிலேயே ஆக வலுவான காற்று அது. அந்த எண்ணைச் சொன்னால் எங்கள் இளைஞர்கள் நம்புவதில்லை. பயிற்சியில் இருக்கும் வானிலையாளர் அந்த நாளை மணிக்கு மணி நடந்து பார்க்க முடிந்தால், இன்னொரு நாள் அதே போன்ற மேகம் திரளும்போது அவருக்கு அடையாளம் தெரியும்.

2001 டிசம்பர் 27 அன்று நமக்கு வெகு அருகில், ஜோகூரின் தென்கிழக்கில் கரையேறிய வாமெய் புயலையும் நினைத்துப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்த ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் அது உருவானது. அதன் உண்மையான வலிமை தெரியவந்ததே, அந்த வழியாகச் சென்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் தாங்கள் அளந்த காற்றைத் தெரிவித்ததால்தான்.

2021 அக்டோபரில் உலக வானிலை ஆய்வு நிறுவனத்தின் உறுப்பு நாடுகள், அடிப்படை வானிலைத் தரவுகளைக் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன. ஆசியான் சிறப்பு வானிலை நிலையம் 1993 முதல் நம் ஊரில்தான் இயங்குகிறது. நம் சூறைக்காற்று பிறப்பதே இந்தோனீசிய வானத்தில் என்னும்போது, இந்தக் கோப்புகளை வட்டாரத்துக்கே பொதுவாக்க நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். தீவு முழுக்க உயரமான கிரேன்களின் உச்சியில் காற்றுமானிகள் சுழல்கின்றன. வானிலை நிலையங்களின் கம்பங்களைவிடப் பல மடங்கு உயரத்தில் வீசும் காற்றை அவை அளக்கின்றன. கட்டடம் முடிந்து கிரேனைக் கழற்றும்போது அந்தப் பதிவுகளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. குத்தகையாளர்கள் மனம் வைத்தால், புயல் நாள்களின் பதிவை மட்டுமாவது ஆய்வாளர்களிடம் கொடுக்கலாம். செப்டம்பர் 17க்கான எங்கள் கிரேனின் பதிவைக் கொடுக்க முதலாளியிடம் அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். படங்களும் தயாராக இருக்கின்றன. யாரிடம் சேர்ப்பது என்பதை இதைப் படிக்கும் வானிலைத் துறையினர் உங்கள் இதழ் வழியாகவே தெரிவித்தால் மறுநாளே அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
கட்டுமானத் தள மேற்பார்வையாளர்,
ஈசூன்